பாத்தூர் எரிமலையும் கிந்தாமணி காப்பியும்: ஒரே நாள் பயணத்தில் உண்மையில் எதைப் பார்க்கிறோம்?

பாலிக்கு டிக்கெட் போட்டவர்களின் கைபேசிக்கு இரண்டு விஷயங்கள் ஒரே வாரத்தில் வந்து சேரும். ஒன்று, 'இந்தோனேசியாவில் எரிமலை வெடிப்பு, பாலி விமானங்கள் ரத்து' என்ற செய்தி. இன்னொன்று, பயண ஏற்பாட்டாளர் வாட்ஸப்பில் அனுப்பிய திட்டம்: 'மூன்றாம் நாள், பாத்தூர் எரிமலையில் சூரிய உதயம், வெந்நீர் ஊற்றுக் குளியல், திரும்பும் வழியில் காப்பித் தோட்டம், மதியம் விடுதி.' ஒரு பக்கம் விமானமே பறக்க முடியாத அளவுக்கு எரிமலை, இன்னொரு பக்கம் அதே எரிமலையில் முட்டை அவித்துத் தின்னலாம் என்று விளம்பரம். எதை நம்புவது?

இரண்டுமே உண்மைதான். குழப்பம் வருவது 'எரிமலை' என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு சங்கதிகளை நாம் திணித்துவிடுவதால். அந்தக் 'காப்பித் தோட்டம்' என்ற சொல்லிலும் இதே கோளாறு உண்டு. முதலில் மலையைப் பார்ப்போம், தோட்டத்துக்கு அப்புறம் வருவோம்.

## எந்த எரிமலை?

பாலி பற்றிய செய்திகளில் மூன்று பெயர்கள் மாறி மாறி வரும்.

1. லெவோதோபி லக்கி-லக்கி. இது பாலியில் இல்லவே இல்லை. புளோரஸ் தீவின் கிழக்கு முனையில், பாலியிலிருந்து சுமார் 800 கி.மீ. தள்ளி இருக்கிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் தூரத்தைவிட அதிகம். இது ஓர் இரட்டைச் சிகரம், 'லக்கி-லக்கி' என்றால் ஆண், பக்கத்திலிருக்கும் 'பெரெம்புவான்' பெண். 2024 நவம்பரில் ஆண் மலை வெடித்துக் கிராம மக்கள் உயிரிழந்தார்கள், அடுத்த சில நாட்களில் பாலி விமானங்கள் நின்றன. 2025 ஜூன், ஜூலையிலும் அதே கதை. ஜூனில் டெல்லியிலிருந்து பாலிக்குக் கிளம்பிய விமானமே பாதி வழியில் திரும்பிவிட்டது.

2. ஆகுங். இது பாலியின் மிக உயரமான மலை, 3,000 மீட்டருக்கும் மேல். 1963-இல் வெடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2017-இல் மறுபடி விழித்து, ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களை ஊரைவிட்டு வெளியேற வைத்தது. அந்த நவம்பரில் பாலி விமான நிலையத்தையும் மூட வேண்டி வந்தது.

3. பாத்தூர். 1,717 மீட்டர். ஒரு நாள் பயணத்தில் நாம் போவது இதற்குத்தான். கடைசியாக வெடித்தது 2000-ஆம் ஆண்டு.

ஆக, செய்தியில் வரும் எரிமலையும் திட்டத்தில் இருக்கும் எரிமலையும் பெரும்பாலும் வேறு வேறு. ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் வெடிக்கும் என்பது கிடையாது, ஒவ்வொன்றுக்கும் அடியில் தனித்தனி அடுப்பு. 1963-இல் ஆகுங், பாத்தூர் இரண்டுமே பொங்கின என்பதும் உண்மைதான். ஆனால் அதை வைத்து விதி எழுத முடியாது.

இத்தனை அடுப்பு எதற்கு அங்கே? தெற்கே இந்தியப் பெருங்கடலின் அடித்தட்டு, ஆண்டுக்கு ஆறேழு சென்டிமீட்டர் வீதம் இந்தத் தீவுகளுக்கு அடியில் சொருகிக்கொண்டே போகிறது. சொருகும் பாறையோடு கடல்நீரும் உள்ளே போய், ஆழத்தில் அந்த நீர் வெளியேறி மேலே இருக்கும் சூடான பாறையில் கலக்கும்போது, பாறை உருகும் வெப்பநிலை இறங்கிவிடுகிறது. உருகியது மாக்மா. அது மேலே ஏறுகிறது. சுமத்ராவிலிருந்து ஜாவா, பாலி, புளோரஸ் வரை மாலை கோத்த மாதிரி எரிமலைகள் வரிசையாக நிற்பதற்கு இதுதான் காரணம்.

## நிற்கும் இடமே எரிமலைதான்

கார் பாத்தூரைச் சுற்றியுள்ள கிந்தாமணிப் பகுதிக்கு வந்து பெனெலோக்கான் என்ற இடத்தில் நிற்கும். 'பார்க்கும் இடம்' என்றுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். எதிரே கறுப்பு வடு விழுந்த ஒரு கூம்பு மலை, பக்கத்தில் பிறை மாதிரி ஏரி. எல்லோரும் அந்தக் கூம்பைக் காட்டி 'அதோ எரிமலை' என்பார்கள்.

அது பாதிதான் சரி. அந்தக் கூம்பு பின்னால் முளைத்த குட்டி. தாய் மலை, பார்ப்பவரின் காலுக்குக் கீழே இருக்கிறது. சுமார் 29,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த பெரிய எரிமலை பயங்கரமாக வெடித்தது. அடியில் மாக்மா தேங்கியிருந்த அறை காலியானது. தாங்குவதற்கு எதுவும் இல்லாமல் மலையின் கூரை அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. இப்படி இடிந்து உருவாகும் பெரும்பள்ளத்துக்குப் பெயர் கால்டெரா. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் இரண்டாவது முறை இடிந்து, பெரிய பள்ளத்துக்குள் இன்னொரு பள்ளம் விழுந்தது. வெளிப்பள்ளம் ஒரு பக்கம் 10 கி.மீ., மறுபக்கம் ஏறத்தாழ 14 கி.மீ. அகலம். பெனெலோக்கானில் இருக்கும் சாலை, உணவகங்கள், செல்ஃபி மேடை எல்லாமே அந்தப் பள்ளத்தின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

இன்னும் ஒரு படி போகலாம். அந்த வெடிப்புகளில் பாய்ந்த சாம்பலும் நெருப்புத் துகளும் தெற்கே கிடந்த பள்ளத்தாக்குகளை நிரப்பி இறுகி, மென்மையான பாறையாயின. பாலியின் உபுத் என்ற ஊர்ப் பக்கத்தில் சிற்பிகள் செதுக்கும் மெத்தென்ற சாம்பல் நிறக் கல்லும், தம்பாக்சிரிங்கில் குனுங் காவி என்ற 11-ஆம் நூற்றாண்டுக் குடைவரைகள் வெட்டப்பட்ட பாறையும் அதுதான். உபுத்திலிருந்து கிந்தாமணிக்குப் போகும் ஒன்றேகால் மணி நேரப் பயணம் முழுக்கவே அந்தப் பழைய மலையின் சரிவில் ஏறுவதுதான். இவ்வளவு சீராக, வளைவு நெளிவு குறைவாக ஏறும் மலைப்பாதை நம் கொல்லிமலைப் பக்கம் கிடைக்காது, காரணம் இந்தச் சரிவு சாம்பல் கொட்டிக் கொட்டிச் சமமானது.

கூம்பில் தெரியும் கறுப்பு வடுக்கள் புதியவை. 1804-லிருந்து பதிவான வெடிப்புகளே இருபதுக்கு மேல். 1917-இல் லாவா வந்து அடிவாரக் கோயிலின் வாசலோடு நின்றது. மக்கள் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கினார்கள். 1926-இல் மறுபடி வந்த லாவா நிற்கவில்லை, ஊரையும் கோயிலையும் மூடிவிட்டது. ஊர் மக்கள் விளிம்பின் மேலே குடியேறி, அங்கே கோயிலைத் திரும்பக் கட்டினார்கள். இன்று சாலையோரம் இருக்கும் உலுன் தானு பாத்தூர் கோயில் அதுதான். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்ப் படம் எடுக்க வைக்கும் கருங்கல் காடு பெரும்பாலும் 1963-லும் அதற்குப் பிறகும் ஓடிய லாவா. நம்மில் பலரின் அப்பா அம்மாவைவிட இளைய கல்.

ஏரிக்கு வெளியேறும் ஆறு கிடையாது. தண்ணீர் நிலத்துக்கு அடியில் கசிந்துதான் போகிறது, தெற்கே உள்ள ஊற்றுகளுக்கு அந்த ஏரியின் தெய்வமான தேவி தானுதான் நீர் அனுப்புகிறாள் என்பது நெல் விவசாயிகளின் நம்பிக்கை. அந்த ஏரி அவ்வப்போது அடியிலிருந்து கந்தகத்தைக் கலக்கிவிடும், அன்று கூண்டில் வளர்க்கும் மீன்கள் வெள்ளையாக மிதக்கும். அந்த மீனுக்கு அங்கே முஜாயிர் என்று பெயர், நம் ஊர் ஜிலேபி கெண்டை வகைதான். கிந்தாமணிச் சாப்பாட்டில் தவறாமல் வரும்.

## 'நிலை 1' என்றால் பயமில்லையா?

இந்தோனேசியாவில் எரிமலைகளைக் கண்காணிக்கும் மையம் பாண்டுங் நகரில் இருக்கிறது. நிலநடுக்கமானி, மலையின் வீக்கம், வாயுவின் அளவு இவற்றை வைத்து ஒவ்வொரு எரிமலைக்கும் நான்கில் ஒரு நிலையைக் கொடுக்கும்:

1. நார்மல்: வழக்கமான நிலை.
2. வஸ்பாடா: விழிப்பு. வழக்கத்தைவிட அசைவு கூடியிருக்கிறது.
3. சியாகா: தயார். வெடிப்பை நோக்கிப் போகலாம், அல்லது சிறிதாக நடந்துகொண்டிருக்கிறது.
4. அவாஸ்: ஆபத்து. வெடிக்கிறது, அல்லது எந்த நேரமும் வெடிக்கும்.

நிலையோடு சேர்த்து, எரிமலையின் வாயிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் யாரும் போகக்கூடாது என்றும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் நிலையைவிட இந்தத் தூரம்தான் முக்கியம், பயணிகள் பார்க்காமல் விடுவதும் இதைத்தான்.

சுமத்ராவில் இருக்கும் மராப்பி இதற்கு உதாரணம். 2023 டிசம்பர் 3 அன்று அது வெடித்தபோது நிலை வெறும் 2. ஆனால் வாயிலிருந்து 3 கி.மீ.க்குள் போகாதீர்கள் என்ற பரிந்துரை அப்போதே இருந்தது. அதை மீறி மலையேற அனுமதிச் சீட்டும் கொடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. 24 பேர் இறந்தார்கள். நிலை 2 என்பதைக் 'கொஞ்சம் பரவாயில்லை' என்று படித்ததன் விலை.

நிலை 1-ம் உத்தரவாதம் ஆகாது. ஜப்பானின் ஒன்தாக்கே மலை 2014 செப்டம்பர் 27 அன்று வெடித்தபோது அங்கே நிலை 1 தான், அந்த நாட்டு முறையிலும் அதற்கு 'இயல்பு' என்றுதான் பெயர். 58 பேர் இறந்தார்கள், 5 பேர் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு ஜப்பான் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு 'இது உயிருள்ள எரிமலை என்பதை மனதில் வைக்கவும்' என்ற பொருளில் மாற்றி எழுதியது.

எந்தக் கருவியும் முன்கூட்டிச் சொல்லாமல் இப்படி நடப்பது எப்படி? வெடிப்பில் இரண்டு ரகம் உண்டு.

- மாக்மா மேலே ஏறி வெடிப்பது. ஏறும்போது பாறையை உடைக்கும், சிறு நடுக்கங்கள் நூற்றுக்கணக்கில் பதிவாகும், மலை லேசாக உப்பும். நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் அவகாசம் கிடைக்கும். 2017-இல் ஆகுங்குக்கு செப்டம்பரிலேயே நிலை 4 கொடுக்க முடிந்தது இதனால்தான், வெடித்தது நவம்பரில்.
- நீராவி வெடிப்பு. மாக்மா நகரவே வேண்டாம். உள்ளே சூடேறிய நிலத்தடி நீர் குக்கர் மாதிரி அழுத்தம் ஏறி, மேல்மூடி தாங்காமல் பிய்த்துக்கொண்டு வரும். முன்னறிவிப்பு நிமிடங்களில்தான், சில நேரம் அதுவும் இல்லை. ஒன்தாக்கே இந்த ரகம்.

பாத்தூர் உச்சியில் பாறை இடுக்கிலிருந்து ஆவி வரும், வழிகாட்டிகள் அதில் முட்டையும் வாழைப்பழமும் வேகவைத்துக் கொடுப்பார்கள். படத்துக்கு நன்றாக இருக்கும். உள்ளே சூடும் நீரும் சேர்ந்தே இருக்கின்றன என்பதற்கும் அந்த ஆவிதான் அத்தாட்சி. இதைச் சொல்வது பயமுறுத்துவதற்கு இல்லை. ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்குகிறார்கள். பாத்தூரின் வெடிப்புகளும் பெரும்பாலும் தீப்பொறியும் லாவாவுமாகச் சிந்துகிற, ஆகுங்கைவிடச் சிறிய ரகம். ஆனால் ஆவி வரும் வாய்க்குள் குனிந்து நின்று படம் எடுப்பது, வழிகாட்டி இல்லாமல் விளிம்பைச் சுற்றி நடப்பது, இரண்டும் வேண்டாத வேலை. கரியமில வாயு போன்ற எரிமலை வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை, பள்ளத்தில்தான் தேங்கும்.

2023-இல் பாலி ஆளுநர் தீவின் மலைகள் அனைத்திலும் ஏறுவதற்குத் தடை என்று அறிவித்தார். சுற்றுலாப் பயணிகள் புனித மலைகளில் ஆடையில்லாமல் படம் எடுத்துக்கொண்டதுதான் பின்னணி, எரிமலை ஆபத்து அதற்குக் காரணமாகச் சொல்லப்படவில்லை. வழிகாட்டிகள் எதிர்த்தார்கள், பாத்தூர் ஏற்றம் தொடர்ந்தது. அந்தப் பழைய செய்தியை இன்னும் சிலர் 'பாலியில் மலையேற முடியாதாமே' என்று அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

## 800 கி.மீ. தள்ளி வெடித்தால் நம் விமானம் ஏன் நிற்கிறது?

சுருக்கமாக: எரிமலைச் சாம்பல் விறகுச் சாம்பல் இல்லை, நுண்ணிய கண்ணாடித் தூள். ஜெட் எஞ்சினுக்குள் இருக்கும் வெப்பம் அதை உருக்கிவிடும், உருகியது உள்ளே சற்றுக் குளிர்ந்த பாகங்களில் ஒட்டிக் காற்றோட்டத்தை அடைத்துவிடும். 1982 ஜூன் 24 அன்று ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்த ஒரு பிரிட்டிஷ் ஜம்போ விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. லண்டனில் கிளம்பி பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியா போய்க்கொண்டிருந்த விமானம் அது. சாம்பலை விட்டு வெளியே இறங்கியதும் எஞ்சின்கள் மறுபடி பிடித்தன, ஜகார்த்தாவில் தரையிறங்கியது. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு எந்த விமான நிறுவனமும் சாம்பலோடு விளையாடுவதில்லை. விமானத்தின் ராடாருக்கும் அது சரியாகத் தெரியாது. எனவே சாம்பல் எந்த உயரத்தில், எந்தத் திசையில் போகிறது என்று செயற்கைக்கோள் படத்தை வைத்துச் சொல்ல உலகில் ஒன்பது மையங்கள் இருக்கின்றன, பாலி வட்டாரம் ஆஸ்திரேலியாவின் டார்வின் மையத்தின் கீழ் வருகிறது.

அதனால்தான் கிந்தாமணியில் வெயில் பளிச்சென்று அடிக்கும்போதே விமான நிலையத்தில் கூட்டம் பாயில் படுத்திருக்கும். பயணக் காப்பீடு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெடிப்பு செய்தியான பிறகு எடுத்த பாலிசியில், 'ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு' என்று சொல்லிக் கைவிரிக்க இடம் உண்டு. டிக்கெட் போட்ட அன்றே எடுப்பது நல்லது.

## மலை காப்பிக்கு என்ன கொடுக்கிறது?

'எரிமலை மண்ணில் விளைந்த காப்பி' என்று பொட்டலத்தில் அச்சடித்திருப்பார்கள். மண்ணைவிட முக்கியமாக மலை கொடுப்பது உயரம்.

பாலி நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், எட்டு டிகிரி தெற்கே இருக்கிறது. கடற்கரையில் அரபிகா ரகக் காப்பிச் செடி வைத்தால் வெயிலில் வாடும், நோயும் பிடிக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு டிகிரி இறங்கும். குளிரில் பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டை கெட்டிப்படும், சர்க்கரையும் அமிலமும் நன்றாகச் சேரும். அந்தக் குளிரான உயரத்தை அந்த இடத்தில் உண்டாக்கியது எரிமலை. கிந்தாமணி காப்பிக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, இந்தோனேசியாவில் புவிசார் குறியீடு பெற்ற முதல் பொருளே இதுதான். சுமார் 900 மீட்டருக்கு மேல் விளைந்த அரபிகாவுக்குத்தான் அந்தப் பெயர் செல்லும். பாலியில் ரொபஸ்டா என்ற இன்னொரு காப்பி வகையும் விளைகிறது, அது மேற்கே புப்புவான் பக்கம், உயரம் குறைந்த இடங்களில்.

மண் விஷயம் விளம்பரம் சொல்வதைவிடச் சிக்கலானது. சாம்பலில் பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் எல்லாம் உண்டு, மட்கி மண்ணானதும் பஞ்சு மாதிரி இலேசாகி வேருக்குக் காற்றும் நீரும் கொடுக்கும். ஆனால் மட்கும்போது உருவாகும் அல்லோஃபேன் என்ற களிமண் கனிமம், பாஸ்பரஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு செடிக்கு விடாது. மண்ணில் இருக்கும், செடிக்குக் கிடைக்காது. அதனால் மாட்டுச் சாணமும் மட்கிய உரமும் தொடர்ந்து போட்டாக வேண்டும். புதிய சாம்பல் விழுந்த இடங்களோ வெறும் மணல், மழைநீர் நிற்காமல் இறங்கிவிடும். மழை பெய்தும் தண்ணீர்க் கஷ்டம் உள்ள ஊர் கிந்தாமணி என்றால் நம்பச் சிரமம்தான். இந்த மேட்டுநில விவசாயிகள் 'சுபாக் அபியான்' என்ற ஊர்க்குழுக்களாகச் சேர்ந்து காப்பி வளர்க்கிறார்கள். நெல் வயல்களில் தண்ணீர் பங்கிடும் சுபாக் அமைப்பின் புன்செய் வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

காப்பிச் செடிக்கு ஊடே ஆரஞ்சு மரம் நடுவார்கள். நிழலுக்கு, 'தடாப்' என்று அவர்கள் சொல்லும் நம் கல்யாண முருங்கை இனம். கிந்தாமணி காப்பியில் எலுமிச்சை, ஆரஞ்சு சாயல் ஒரு புளிப்பு இருக்கும், 'பக்கத்தில் ஆரஞ்சு மரம் இருப்பதால் அந்த வாசம்' என்று வழிகாட்டி சொல்வார். கேட்க அழகு. பழத்தின் வாசம் வேர் வழியாகப் பக்கத்துச் செடியின் கொட்டைக்குள் போவதற்கு வழி எதுவும் இல்லை. அந்தப் புளிப்பு, உயரத்தில் விளைந்த அரபிகாவில் இயல்பாகவே இருக்கும் சிட்ரிக் முதலான அமிலங்கள். பழத்தின் தோலை உரித்து, நொதிக்கவிட்டு, கழுவிக் காயவைக்கும் ஈரமுறை அதை மங்கவிடாமல் காட்டுகிறது. நம் ஊர் காப்பிப்பொடிக் கடையில் 'பிளாண்டேஷன் ஏ' என்று விற்பதும் இதே ஈரமுறைக் கொட்டைதான். வித்தியாசம் வறுப்பில். நாம் கருக வறுத்து, சிக்கரி சேர்த்து, பாலை ஊற்றி அந்தப் புளிப்பை விரட்டிவிடுகிறோம். அதனால் கிந்தாமணியில் முதல் மிடறு குடிக்கும் தமிழர் முகம் சுளிப்பது சகஜம்.

## மலபாரிலிருந்து போனது, பாலெஹொன்னூரிலிருந்தும் போனது

'கிந்தாமணி' என்ற பெயரே நமக்குத் தெரிந்த சிந்தாமணிதான். 882-ஆம் ஆண்டைச் சேர்ந்த சுகவானா செப்பேடு அந்தக் குன்றைச் சிந்தாமணி என்றே குறிப்பிடுகிறது. காப்பி அதைவிட நேரான உறவு.

டச்சுக்காரர்கள் ஜாவாவுக்கு முதல் காப்பிக் கன்றுகளைக் கொண்டுபோனது மலபார் கரையிலிருந்து, 1696-இல். அவை வெள்ளத்தில் அழிந்தன. 1699-இல் மறுபடி கொண்டுபோனவைதான் பிழைத்தன. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் தீவு தீவாக அரபிகா பரவியது.

பிறகு இலைத்துரு நோய். 1869-இல் இலங்கையில் தென்பட்டு, தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் வளர்ந்திருந்த அங்கத்திய காப்பித் தோட்டங்களைச் சில ஆண்டுகளில் காலி செய்தது. இலங்கை தேயிலைக்கு மாறியது அதனால்தான். அதே பூஞ்சணம் 1876-இல் ஜாவாவுக்கும் போய்ச் சேர்ந்தது. தாழ்நிலத்து அரபிகா போனது, பிற்பாடு அந்த இடத்தில் ரொபஸ்டா வந்தது. அரபிகா பிழைத்தது பூஞ்சணத்துக்கு அவ்வளவாகப் பிடிக்காத குளிர்ந்த மலைகளில். இந்தோனேசிய அரபிகா என்றாலே எரிமலைச் சரிவு என்று ஆகிப்போனதற்கு இந்த நோய்க்கும் பாதிப் பங்கு உண்டு.

இன்றைக்குக் கிந்தாமணியில் நிற்கும் செடிகளில் முக்கியமான ரகம் எஸ்.795. கர்நாடகத்தின் பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில், துருநோயைத் தாங்குவதற்காக 1940-களில் உருவாக்கிய ரகம். இந்தோனேசியாவில் அதை 'ஜெம்பர்' என்பார்கள், கிழக்கு ஜாவாவின் ஜெம்பர் ஊரில் உள்ள ஆராய்ச்சி நிலையம் வழியாகப் பரவியதால். ஏற்காட்டிலும் பழனி மலையிலும் இருக்கும் அதே ரகம்தான். இப்போது துரு அதையும் பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்பது வேறு கதை.

## 'தோட்டம்' என்று வண்டி நிற்கும் இடம்

இனிதான் ஒரு நாள் பயணத்தின் பலவீனமான பகுதி. மலையிலிருந்து இறங்கி உபுத் திரும்பும் சாலையில், தெகலலாங் பக்கம், வண்டி ஒரு 'காப்பித் தோட்டத்தில்' நிற்கும். உள்ளே நடைபாதை, இரண்டு பக்கமும் பெயர்ப்பலகையோடு கோகோ, வெண்ணிலா, இலவங்கம், பத்துப் பதினைந்து காப்பிச் செடி. ஓர் அம்மா இரும்புச் சட்டியில் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருப்பார். ஒரு கூண்டில் தூங்கும் விலங்கு. பிறகு மர மேசையில் பத்துப் பன்னிரண்டு சிறு கிண்ணங்களில் இலவசமாக இஞ்சித் தேநீர், மங்குஸ்தான் தேநீர், தேங்காய்க் காப்பி. கடைசியில் கடை வழியாகத்தான் வெளியேற முடியும்.

இவை பெரும்பாலும் காட்சித் தோட்டங்கள். விற்கும் காப்பி வேறெங்கோ விளைந்து வருகிறது. அழைத்து வரும் ஓட்டுநருக்குக் கமிஷன் உண்டு என்பதும் ரகசியம் இல்லை. அரபிகா விளையும் உயரத்தைத் தாண்டிக் கீழே வந்த பிறகுதான் 'தோட்டம்' வருகிறது என்பதை யோசித்தாலே விஷயம் புரிந்துவிடும். தேநீர் குடித்து ஓய்வெடுக்கும் நிறுத்தம் என்று எடுத்துக்கொண்டால் ஒன்றும் குறையில்லை.

கூண்டில் இருப்பது லூவாக், நம் மரநாய். தென்னந்தோப்பிலும் ஓட்டு வீட்டுப் பரணிலும் ராத்திரி ஓடி, கள்ளுக் கலயத்தில் வாய் வைக்கும் அதே இனம். அது தின்று கழித்த காப்பிக்கொட்டையைக் கழுவி வறுத்தால் கோப்பி லூவாக், விலை மற்றதைப்போலப் பல மடங்கு. இதில் மூன்று சிக்கல்கள்:

1. தர்க்கம் உடைகிறது. காட்டு மரநாய் நன்றாகப் பழுத்ததைத் தேடித் தின்னும், அந்தத் தேர்வுதான் சுவைக்குச் சொல்லப்படும் முதல் காரணம். கூண்டில் அடைத்து, கையில் கிடைத்த பழத்தைப் போட்டால் தேர்வு எங்கே?
2. விலங்கின் நிலை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, பாலியின் 16 தோட்டங்களில் கூண்டில் இருந்த ஏறக்குறைய ஐம்பது மரநாய்களைப் பார்த்தது. ஒரு கூண்டுகூட அடிப்படைத் தேவைகளை முழுமையாக நிறைவேற்றவில்லை. ராத்திரி நடமாடும், தனித்து வாழும் விலங்கைப் பகலில், கூட்டத்துக்கு நடுவில், கம்பி வலைத் தரையில் வைத்திருக்கிறார்கள்.
3. சரிபார்க்க முடியாது. பொட்டலத்தில் 'காட்டு லூவாக்' என்று எழுதுவதற்குப் பேனா போதும்.

கூடவே ஒரு கதையும் சொல்வார்கள்: டச்சுக்காரர்கள் தோட்டத் தொழிலாளர்களைக் காப்பி பறித்துக் குடிக்கவிடவில்லை, அதனால் அவர்கள் எச்சத்திலிருந்து பொறுக்கிக் குடித்தார்கள் என்று. 1830-இல் தொடங்கிய கட்டாயச் சாகுபடிக் காலத்து ஜாவாவுக்கு அந்தக் கதை பொருந்தலாம். கதை சொல்லப்படும் தென்பாலியோ டச்சுக்காரர்களின் கைக்கு முழுதாகப் போனது 1906–1908-இல்தான்.

## ஒரே நாளை எப்படிப் பிரிப்பது

1. ஏறுவதா, பார்ப்பதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஏறுவதென்றால் உபுத்தில் இரவு 2 மணிக்கு வண்டி, 4 மணிக்கு ஏற்றம், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கடைசிப் பகுதி சறுக்கும் சரளை, செருப்போடு போகாதீர்கள். உச்சியில் நம் ஊட்டிக் குளிர். உள்ளூர் சங்கத்து வழிகாட்டி இல்லாமல் ஏற விடமாட்டார்கள்.

2. ஏறவில்லை என்றால் காலை 9 மணிக்குள் பெனெலோக்கானில் இருங்கள். மதியம் ஆனால் மேகம் வந்து பள்ளம் மொத்தத்தையும் மூடிவிடும், உணவகத்துக்குக் கொடுத்த பணம் வெள்ளைச் சுவரைப் பார்ப்பதற்கு ஆகிவிடும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வானம் ஓரளவு நம்பகமானது.

3. முந்தின நாள் எரிமலைக் கண்காணிப்பு மையத்தின் 'மாக்மா இந்தோனேசியா' தளத்தில் பாத்தூரின் நிலையையும் விலகல் தூரத்தையும் பாருங்கள். விடுதி வரவேற்பில் கேட்டால் 'நோ ப்ராப்ளம்' என்பார்கள், எப்போதுமே.

4. காப்பியை மேலேயே முடித்துவிடுங்கள். 'திரும்பும் வழியில் தோட்டம்' என்பதை ஓட்டுநரிடம் முதல் நாளே வேண்டாம் என்று சொல்லி, கிந்தாமணிப் பக்கம் விவசாயிகள் குழு நடத்தும் பதப்படுத்தும் இடத்துக்கோ, அங்கேயே வறுத்து விற்கும் கடைக்கோ போகக் கேளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை போனால் செடியில் சிவந்த பழமும், பழத்தோல் உரிக்கும் பல்பர் இயந்திரம் ஓடுவதும், காயவைத்த கொட்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். மற்ற மாதங்களில் பச்சை இலைதான்.

5. வாங்கும் பொட்டலத்தில் அரபிகா, கிந்தாமணி, புவிசார் குறியீடு, வறுத்த தேதி இந்த நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள்.

6. சைவர்களுக்கு: விளிம்பு உணவகங்களின் பஃபேயில் தேம்பே என்ற சோயாப் பண்டம், காய்கறி எல்லாம் இருக்கும், ஆனால் சம்பல் என்ற மிளகாய்ச் சட்னியில் பெரும்பாலும் தெராசி என்ற இறால் விழுது உண்டு. கேட்டுவிட்டுத் தொடவும்.

7. பாலிக்கு வரும் வெளிநாட்டுப் பயணிக்கு 2024 பிப்ரவரியிலிருந்து 1,50,000 ரூபியா சுற்றுலா வரி. அதற்குப் பிறகும் கிந்தாமணிக்குள் நுழையத் தனிக் கட்டணம் உண்டு, திட்டத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அங்கே சாதாரணக் கடையில் காப்பி கேட்டால் வருவது கோப்பி துப்ரூக்: நைசாக அரைத்த பொடியை டம்ளரில் போட்டு, கொதிநீர் ஊற்றி, வடிகட்டாமல் அப்படியே கொடுப்பார்கள். ஆற்றக் கூடாது, கலக்கக் கூடாது. நாலைந்து நிமிடம் விட்டால் பொடி அடியில் தங்கிவிடும், அப்புறம் மேலாகக் குடித்து, கடைசி விரல் அளவை டம்ளரிலேயே விட்டுவிட வேண்டும்.